டட்லி கொலைகாரரா?

முதலாம் எலிசபெத்தின் அரசவையில் செல்வாக்கோடு இருந்த ராபர்ட் டட்லியைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று குற்றச்சாட்டுகள் வரிசைகட்டி வரும். அரசியை மணக்க மனைவியைக் கொன்றான், அழகைக் காட்டியே பதவி பிடித்தான், அரண்மனைப் பணத்தில் கொழுத்தான்.

முதலில் கொலை. 1560 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. கம்னர் ஊரில் தங்கியிருந்த வீட்டில், மாடிப்படியின் கீழே கழுத்து முறிந்து இறந்துகிடந்தார் டட்லியின் மனைவி ஏமி ராப்சார்ட். வேலையாட்களை ஆபிங்டன் சந்தைக்குப் போகச் சொல்லி விரட்டாத குறையாக அனுப்பியவர் ஏமியேதான். டட்லி அப்போது வின்ட்சரில் இருந்தார். சேதி வந்ததும் தன் அலுவலர் தாமஸ் பிளவுண்ட்டுக்குக் கடிதம் எழுதினார்: விவரம் தெரிந்த, நாலுபேர் மதிக்கிற ஆட்களை ஜூரியில் வைத்துத் தீர விசாரிக்க வேண்டும். ஏமியின் சகோதரர்களையும் வரவழைத்தார். அந்தக் கடிதத்தில் மனைவிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, தன் பெயர் கெட்டுவிடுமே என்ற பதைப்புதான் இருக்கிறது. நல்ல கணவர் என்று நானும் சான்று தர மாட்டேன். அதற்காகக் கொலைகாரர் ஆகிவிடுவாரா?

விபத்து என்றது ஜூரி. அதன் அறிக்கை 2008-இல் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. தலையில் இரண்டு காயங்கள், ஒன்று இரண்டு அங்குல ஆழம். உடனே ‘பார்த்தீர்களா!’ என்று கிளம்பினார்கள். அடித்தாலும் அப்படிக் காயம் படும், படியின் விளிம்பில் மோதினாலும் படும். யாருக்கு லாபம் என்று பார்த்தாலோ, டட்லிக்குக் கிடைத்தது நஷ்டம்தான். ஊர்வாய்க்கு அஞ்சிய எலிசபெத் அதன்பின் அவரை மணப்பது கிட்டத்தட்ட முடியாத காரியமாகிவிட்டது.

பிறகு இந்தக் கதை இவ்வளவு ஊறியது எப்படி? 1584-இல் அவருடைய கத்தோலிக்க எதிரிகள் பெயர் போடாமல் அச்சிட்ட வசைநூல் ஒரு காரணம். 1821-இல் வந்த வால்டர் ஸ்காட்டின் ‘கெனில்வொர்த்’ நாவல் இன்னொன்று. அதில் 1575-இல் டட்லி அரசிக்கு வைத்த விருந்தின்போது ஏமி உயிரோடு இருக்கிறார்! உண்மையில் அவர் இறந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

அழகு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 1558-இல் அவருக்குக் கிடைத்த குதிரை லாயத் தலைவர் பதவி அலங்காரப் பதவி அல்ல. குதிரை வளர்ப்பு, அரசவையின் கோடைப் பயணங்களுக்கான சவாரி ஏற்பாடு எல்லாம் அவர் தலையில். நெதர்லாந்துப் போரில் சொதப்பினார் என்பதும் நிஜம்தான். அப்படியும் 1588-இல் ஸ்பெயின் கடற்படை வந்தபோது டில்பரி முகாமின் தளபதி அவர்தான்.

கொழுத்த கதைக்கு வருவோம். 1575-இல் கெனில்வொர்த் கோட்டையில் அரசியையும் பரிவாரத்தையும் 19 நாள் உபசரித்த செலவு டட்லியின் கையை விட்டுப் போனது. 1588 செப்டம்பரில் இறந்தபோது அவர் விட்டுச் சென்றது பெருங்கடன். அதில் கணிசமான பகுதி அரசிக்கே சேர வேண்டியது. எலிசபெத் அதைத் தள்ளுபடி செய்யவில்லை, அவர் சொத்திலிருந்து வசூலிக்க உத்தரவிட்டார்.