பிப்பெட் பிடித்தது எத்தனை மணி நேரம்?

நம்ம ஊரில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி பரீட்சை எழுத 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும். வகுப்பில் உட்கார்ந்ததும் லேபில் நின்றதும் பெரும்பாலும் ஒரே கணக்கில்தான் சேரும். அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, அறிமுகப் பாடம் போக 400 மணி நேரம் லேப் வேலை கேட்டது.

சுடர் செங்கல் சிவப்பு என்றால் கால்சியம் என்று மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடலாம். டைட்ரேஷனில் ஒரு சொட்டில் நிறம் மாறுமே, அதற்குக் கைதான் பழக வேண்டும்.

நாளைக்கு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கப் போவது நம்மில் சிலர். அந்த மாத்திரையை விழுங்கப் போவது யாரோ ஒரு நோயாளி. அட்டெண்டன்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. லேப் மணிக்குத் தனியாக ஒரு கணக்கு வையுங்கள் என்கிறேன். நியாயம்தானே?