நிறுவனம் மீண்டது, வான்வழி மீண்டதா?

இந்தியாவின் மிகப்பெரிய விமான நிறுவனமான இண்டிகோவில் 2022 செப்டம்பரில் தலைமை மாறியது. 2019 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற ரணஜாய் தத்தா, 2022 செப்டம்பர் இறுதியில் ஓய்வு பெறுவார் என்று அவ்வாண்டு மே மாதமே அறிவிக்கப்பட்டிருந்தது. நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்திய பீட்டர் எல்பர்ஸ் செப்டம்பர் 6-ஆம் தேதி அவரது இடத்துக்கு வந்தார். பங்குச்சந்தை சார்ந்த செய்தியாகவே இது பேசப்பட்டது. ஆனால், திருப்பூர் போன்ற ஓர் ஏற்றுமதி நகரத்துக்கும் இதில் அக்கறை கொள்ளக் காரணம் இருந்தது.

முதலில் தத்தாவின் காலத்தை மதிப்பிட வேண்டும். 2020 மார்ச் இறுதியில் நாட்டின் வழக்கமான பயணிகள் விமான சேவை நிறுத்தப்பட்டது. உள்நாட்டு விமானங்கள் இரண்டு மாதங்கள் கழித்து, மே 25-இல் மீண்டும் பறந்தன. வழக்கமான பன்னாட்டு விமான சேவை திரும்புவதற்கோ 2022 மார்ச் 27 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த இடைவெளியில் இண்டிகோ 2020-21-இல் சுமார் ரூ.5,800 கோடியும், 2021-22-இல் சுமார் ரூ.6,160 கோடியும் இழந்தது. இத்தகைய இழப்பைத் தாங்கி நின்றது மட்டுமல்ல, 2022-இல் உள்நாட்டுப் பயணிகளில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினரை அந்நிறுவனமே சுமந்து சென்றது. கையிருப்புப் பணத்தைக் காப்பதே முதற்கடமை என்று அவர் வகுத்த வழி பலன் தந்தது என்பதை மறுக்க இயலாது.

அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020 ஜூலையில் ஊழியர்களில் 10 விழுக்காட்டினர் வேலையிழந்தனர். தத்தா தமது ஊதியத்தில் 25 விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டார். விமானிகள் உள்ளிட்ட பிறர் ஊதியமும் குறைக்கப்பட்டது. பயணிகள் திரும்பிய வேகத்தில் ஊதியம் திரும்பவில்லை. 2022 ஜூலை 2-ஆம் தேதி பணிக்குழுவினர் பலர் ஒரே நாளில் மருத்துவ விடுப்பு எடுக்க, அந்நிறுவனத்தின் உள்நாட்டு விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தாமதமாயின. டாடா குழுமத்தின் கைக்குச் சென்ற ஏர் இந்தியாவின் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் பலர் சென்றதே காரணம் என்று செய்திகள் வெளியாயின. நெருக்கடியில் ஒத்துழைத்த தொழிலாளி, மீட்சியில் பங்கு கேட்பது இயல்பு. ஊரடங்குக்குப் பின் வடமாநிலத் தொழிலாளர்களைத் திரும்ப அழைத்துவரப் பட்ட பாட்டைத் திருப்பூர் முதலாளிகளும் மறந்திருக்க மாட்டார்கள்.

இண்டிகோவின் 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டுக் கணக்கு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. அக்காலாண்டில் ரூ.12,855 கோடி வருவாய் ஈட்டியும் ரூ.1,064 கோடி இழப்பையே அது காட்டியது. விமான எரிபொருளின் விலை ஜூன் மாதத்தில் உச்சத்தைத் தொட்டிருந்தது ஒரு காரணம். ரூபாயின் மதிப்புச் சரிவு மற்றொன்று. விமானங்களுக்கான குத்தகையும் பராமரிப்பும் டாலரில் செலுத்தப்படுகின்றன. பயணச்சீட்டின் பெரும்பகுதி ரூபாயில் விற்கப்படுகிறது. அந்நியச் செலாவணி இழப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால் அந்தக் காலாண்டில் லாபமே மிஞ்சியிருக்கும். பின்னலாடை ஏற்றுமதியாளரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் டாலரில் விற்று ரூபாயில் கூலி கொடுப்பவர். ஒரே நாணயச் சரிவு ஒருவருக்கு இழப்பு, மற்றவருக்கு ஆறுதல். பன்னாட்டுத் தடங்களில் வெளிநாட்டுப் பணத்தில் வருவாய் ஈட்டினால்தான் விமான நிறுவனத்துக்கு இந்த ஆபத்து குறையும். எனவே, வெளிநாட்டுத் தடங்களை விரிப்பது எல்பர்ஸுக்கு விருப்பத்தேர்வாக இருக்கவில்லை, கட்டாயமாக இருந்தது.

அந்தத் தடங்கள் எங்கிருந்து புறப்படும் என்பதே நம் கேள்வி. திருப்பூரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் பீளமேட்டில் இருக்கும் கோவை விமான நிலையத்துக்கு 2012-இல் பன்னாட்டுத் தகுதி வழங்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2022-இலும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் மட்டுமே நேரடியாகச் செல்ல முடிந்தது. இரண்டையும் இயக்கியவை வெளிநாட்டு நிறுவனங்கள். 2017-இல் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய கொழும்பு சேவை பெருந்தொற்றோடு நின்றது, 2022-இலும் திரும்பவில்லை. கோவையிலிருந்து சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத் செல்லும் விமானங்கள் நிரம்பிப் பறக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இண்டிகோவின் விமானங்களே. ஆனால், நிறுவனத்தின் மீட்சியும் வட்டாரத்தின் மீட்சியும் ஒன்றல்ல என்பதற்குக் கோவையே சான்று.

2021-22-இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ரூ.33 ஆயிரம் கோடியைக் கடந்தது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரு நகரத்தினுடையது. சரக்கின் பெரும்பகுதி தூத்துக்குடி வழியாகக் கப்பலில்தான் போகிறது, அது மாறப்போவதில்லை. ஆயினும், இத்தொழிலில் இரண்டு இடங்களில் விமானம் தவிர்க்க முடியாதது. ஒன்று, மாதிரி ஆடைகளும் காலம் கடந்துவிட்ட சரக்குகளும். மற்றொன்று, ஆர்டர் கொடுக்க வரும் மனிதர்கள்.

என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவர் இன்று நடுத்தர அளவில் ஏற்றுமதி செய்கிறார். 2022-இல் நூல் விலை மாதந்தோறும் ஏறியபோது, நூல் வாங்குவதில் ஏற்பட்ட தாமதம் நிட்டிங்கைத் தாமதப்படுத்தியது. அது சாயப்பட்டறையை, அது தையலை. கப்பல் தேதி தவறியது. பையர், சரக்கை விமானத்தில் அனுப்பச் சொன்னார், செலவு ஏற்றுமதியாளருடையது. அட்டைப்பெட்டிகள் லாரியில் பெங்களூரு சென்று, அங்கிருந்து பறந்தன. அந்த ஆர்டரில் லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை என்றார். "சாலையில் போன ஒரு நாளையாவது மிச்சம் பிடித்திருக்கலாம், சார்" என்று அவர் சொன்னதில் குறையைவிட அலுப்பே மிகுந்திருந்தது. கோவையில் இறங்கும் குறுகிய உடல் விமானங்களின் சரக்கு அறையில் இடம் குறைவு. அகன்ற உடல் விமானங்கள் அங்கு வருவதில்லை. ஆகவே, கொங்கு மண்டலத்தின் அவசரச் சரக்கு பெங்களூரு, சென்னை, கொச்சி என்று சாலையில் அலைகிறது.

மனிதர்களின் பயணமும் அப்படியே. ஐரோப்பாவிலிருந்து வரும் கொள்முதல் அதிகாரி துபாயிலோ தோகாவிலோ விமானம் மாறி நேரே டாக்காவில் இறங்கிவிடலாம். 2022-இல் திருப்பூர் வர, பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து சென்னைக்கோ பெங்களூருவுக்கோ வந்து, மீண்டும் விமானம் மாறிக் கோவையில் இறங்கி, காரில் ஏற வேண்டியிருந்தது. ஆடையின் விலையிலும் தரத்திலும் போட்டியிடும் நாம், வந்து சேரும் எளிமையில் தோற்கிறோம்.

இதற்குத் தீர்வு ஏன் இண்டிகோ போன்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது? நாடுகளுக்கிடையேயான விமான சேவை ஒப்பந்தங்களே காரணம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இந்தியாவில் எந்தெந்த நகரங்களுக்கு வரலாம் என்பதை அந்த ஒப்பந்தம் பெயர் குறிப்பிட்டு வரையறுக்கிறது. துபாய் நிறுவனங்களுக்கான பட்டியலில் கோவை இல்லை. இந்திய நிறுவனங்களுக்கோ இத்தகைய தடை இல்லை; ஒதுக்கப்பட்ட இருக்கை அளவுக்குள் அவை எந்த இந்திய நகரத்திலிருந்தும் புறப்படலாம். எனவே, மைய அரசு பட்டியலைத் திருத்தும்வரை, கோவையின் வெளிநாட்டுத் தொடர்பு ஓர் இந்திய நிறுவனத்தின் தடத் திட்டத்தைச் சார்ந்தே இருக்கும். 2019-இல் ஜெட் ஏர்வேஸ் வீழ்ந்த பிறகு, அந்தத் தெரிவு பெரும்பாலும் ஒற்றை நிறுவனத்தின் தெரிவாகச் சுருங்கிவிட்டது. டாடாவின் ஏர் இந்தியாவும், 2022 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய ஆகாசாவும் இந்த நிலையை மாற்றக்கூடும். ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும்.

தத்தாவின் காலத்தில் கத்தார் ஏர்வேஸ், ஏர் பிரான்ஸ்-கேஎல்எம் ஆகியவற்றுடன் இண்டிகோ கூட்டுச்சீட்டு உடன்பாடுகள் செய்துகொண்டது. சிறு நகரப் பயணியை டெல்லிக்கோ மும்பைக்கோ கொண்டுசென்று, அங்கே பன்னாட்டு விமானத்தில் சேர்ப்பது இதன் அடிப்படை. நிறுவனத்தின் கணக்கில் இது சரியே: பெருநகர முனையத்தில் பயணிகளைத் திரட்டினால் விமானம் நிறையும். ஆனால், மேற்கே போக வேண்டிய கோவைப் பயணி முதலில் வடக்கே போக நேர்கிறது. ஆம்ஸ்டர்டாமை மையமாகக் கொண்டு இயங்கிய நிறுவனத்திலிருந்து வந்த எல்பர்ஸ், முனைய முறையின் பலத்தை நன்கு அறிந்தவர். அது விட்டுவிடும் ஊர்களையும் அவர் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. குறுகிய உடல் விமானத்தால் நான்கு மணி நேரத்தில் எட்டக்கூடிய வளைகுடாத் தடத்துக்குப் பெருநகர முனையம் தேவையில்லை.

நிறுவனத்தை மட்டும் குறை கூறுவதும் நியாயமாகாது. கோவை ஓடுபாதையை நீட்டிக்கும் திட்டம் 2010 முதல் பேசப்படுகிறது. அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் தேவைப்பட்டது. நிலம் கொடுப்போருக்கான இழப்பீட்டில் தொடங்கி, மாநில அரசும் மைய அரசும் நிலத்தை எந்த நிபந்தனையில் கைமாற்றுவது என்பதுவரை ஒவ்வொரு படியிலும் ஆண்டுகள் கரைந்துவிட்டன. அகன்ற உடல் விமானம் முழுச் சுமையுடன் எழும்ப முடியாத நிலையத்துக்கு எந்த நிறுவனமும் சரக்குத் திட்டம் வகுக்காது. 2022-இல் இரு அரசுகளும் நிலக்கணக்கை முடித்து, பணிக்குத் தேதி குறிக்க வேண்டியிருந்தது.

தொழில் அமைப்புகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஆண்டுதோறும் அமைச்சரிடம் மனு அளிப்பது மட்டும் போதாது. எந்த நாட்டுக்கு எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள், எத்தனை டன் சரக்கு பெங்களூருவுக்கும் கொச்சிக்கும் லாரியில் போகிறது என்ற கணக்கை உறுப்பினர்களிடம் திரட்டி விமான நிறுவனங்களின் முன் வைக்க வேண்டும். சரக்குக்கென மாற்றியமைக்கப்பட்ட ஏர்பஸ் விமானங்களை 2022-இல் இண்டிகோ பெறவிருந்தது. வாரத்துக்கு இவ்வளவு சரக்கு தருவோம் என்று கூட்டாக உறுதியளிக்க ஏற்றுமதியாளர்கள் முன்வந்தால், கோரிக்கை பேரமாக மாறும். தடத்தைத் தீர்மானிப்பவர்களுக்கு அந்த மொழி எளிதில் புரியும்.

2022 செப்டம்பர், ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகளில் விலைவாசி உயர்ந்து, ஆர்டர்கள் குறையத் தொடங்கியிருந்த நேரம். மந்த காலத்தில் விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஆர்டர் குறையும்போதுதான் பையர் எந்த ஊரை விடுவது என்று யோசிப்பார். அப்போது எளிதில் வந்துபோகக்கூடிய ஊருக்கு ஒரு வாய்ப்புக் கூடும். தத்தா தமது நிறுவனத்தைக் கரை சேர்த்துவிட்டு விடைபெற்றார். அதற்குரிய பாராட்டு அவரைச் சேரும். எல்பர்ஸின் ஆட்சியைப் பலரும் பல அளவுகோல்களால் மதிப்பிடலாம். பீளமேட்டிலிருந்து வளைகுடாவுக்கு ஓர் இந்திய விமானம் நேரே பறந்ததா என்பதை நாம் நம் அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.