பாரம் எண்டால் டீசல்தானா?

"பாரம் ஏத்துற வண்டியெண்டால் டீசல்தான் மச்சான். பெற்றோல் எல்லாம் கோயிலுக்குப் போற காருக்குத்தான் சரி."

இந்த வசனத்தை எத்தனை தேத்தண்ணிக் கடையில கேட்டிருப்பன் எண்டு எனக்கே கணக்கில்லை. சொல்லுறவர் வண்டி வைச்சிருக்கிறாரா எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. அவர் சொல்லுவார், சுற்றி நிக்கிற பெடியள் தலையாட்டுவினம். அதில ஒருத்தன் அடுத்த மாசம் லீசிங் கொம்பனி வாசலில நிப்பான். இந்தக் கட்டுரை அந்த ஒருத்தனுக்காக.

முதலிலேயே என்ர நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் சிறுதொழில் செய்கிற, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீற்றர் ஓடுகிற இளம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு டீசல் கப் வாகனம் தேவையில்லை. அவர்கள் டீசலை வாங்குவது கணக்குப் பார்த்தல்ல. பழைய கதையை நம்பியும் கௌரவத்துக்காகவும்தான் வாங்குகிறார்கள். அந்தக் கௌரவத்துக்கு அறுபது மாதம் தவணை கட்டுகிறார்கள்.

அந்தப் பழைய கதை எங்கிருந்து வந்தது? முழுப் பொய்யிலிருந்து வரவில்லை. இலங்கையில் டீசல் நெடுங்காலம் பெற்றோலைவிட நல்ல மலிவாக இருந்தது. பஸ், லொறி, ரயில், உழவு இயந்திரம் எல்லாம் டீசலில் ஓடுவதால் அரசாங்கங்கள் அதன் விலையைத் தாழ்த்தியே வைத்திருந்தன. 2021 டிசம்பர் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 177 ரூபா, ஓட்டோ டீசல் 121 ரூபா. வித்தியாசம் 56 ரூபா. அந்தக் காலத்தில் "டீசல் எடு" எண்டு சொன்ன பெரியவர் சரியாத்தான் சொன்னார்.

பிறகு 2022 வந்தது. ஜூன் 26 ஆம் திகதி விலை மாறியபோது பெற்றோல் 470, டீசல் 460. 56 ரூபாவாக இருந்த இடைவெளி ஆறு மாதத்தில் 10 ரூபாவானது. அதே வருசம் ஒக்டோபரில் நிலைமை தலைகீழ்: பெற்றோல் 370, டீசல் 415. டீசல் பெற்றோலைவிட விலை கூடிப்போனது! இப்போது விலை மாதாமாதம் திருத்தப்படுகிறது. அடுத்த ஐந்து வருசத்தில் எது மலிவாக இருக்கும் எண்டு லீசிங் கொம்பனிக்கும் தெரியாது, தேத்தண்ணிக் கடை அண்ணைக்கும் தெரியாது. ஆனால் அண்ணையின் வசனம் மட்டும் 2021 இலேயே நிக்குது.

எங்கட அப்பாமாரின் தலைமுறை இந்த விசயத்தில் எங்களைவிடக் கெட்டித்தனமாக இருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிளும் பழைய ஒஸ்டின் காரும் ஓடினவர்கள் அவர்கள். எஞ்சின் நாசமாகும் எண்டு தெரியும். புகை மூக்கை அடைக்கும் எண்டும் தெரியும். ஆனாலும் கையில் என்ன கிடைக்கிறது, எவ்வளவு தூரம் போகவேணும், யாரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும் எண்டதை வைத்து முடிவெடுத்தார்கள். எஞ்சினின் கௌரவத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

கௌரவம் பிறகுதான் வந்தது. 2002 இல் ஏ9 திறந்தபிறகும், 2004 சுனாமிக்குப் பிறகும் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை டபுள் கப்புகள் எங்கட ஒழுங்கைகளுக்குள் வந்தன. பின்னால் அரசியல்வாதிகள், கொந்தராத்துக்காரர். உயரமாக இருந்து, கண்ணாடியை இறக்கி, கீழே நிக்கிறவனோடு கதைக்கிற ஆட்களின் வாகனம் அது. இண்டைக்கு ஒரு பெடியன் டீசல் டபுள் கப் வேணும் எண்டு சொல்லும்போது அவனுக்கு உண்மையில் வேண்டியது அந்த உயரம்தான்.

என்ர கூட்டாளி ஒருத்தனின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். புத்தூர், உரும்பிராய்ப் பக்கம் தோட்டக்காரரிடம் பப்பாசியும் முட்டையும் எடுத்து, திருநெல்வேலிச் சந்தைக்கும் டவுன் கடைகளுக்கும் போடுகிறவன். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீற்றர் ஓட்டம், முந்நூறு கிலோவுக்கு உள்ளே பாரம். மூன்று சில்லு ஓட்டோவில் தொடங்கி நல்லா வந்தான். வண்டி மாத்தும்போது வீட்டில் கலியாணப் பேச்சும் நடந்தது. "ஓட்டோக்காரனுக்கு ஆர் பொம்பிளை தருவினம்?" எண்டு ஒரு மாமா கேட்டார். அதோட முடிவு நடந்துவிட்டது: டீசல் டபுள் கப்.

வாங்கின பிறகுதான் ஒரு சின்ன விசயம் விளங்கியது. நாலு கதவு வைத்தால் பின்பெட்டி கட்டையாகும். ஆட்கள் இருக்கிற இடத்துக்காகச் சாமான் வைக்கிற இடத்தை விற்றுவிடுகிறார்கள். முட்டைத் தட்டுகளைப் பின்சீற்றில் அடுக்கிக்கொண்டு திரிஞ்சான். பதினெட்டாவது மாதம் தவணை பிந்தியது. இருபத்தோராவது மாதம் ஒரு விடியக்காலை ஆட்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பின்சீற்றில் இருந்த முட்டைகளை இறக்கக்கூட நேரம் கேட்டுத்தான் இறக்கினான். கலியாணப் பேச்சும் அதோட போனது. இப்போது திரும்பவும் ஓட்டோ.

"அவன் ஒழுங்காத் தவணை கட்டியிருந்தால் சரிதானே?" எண்டு கேப்பீங்கள். சரி, கணக்கைப் பார்ப்பம். எண்களை நான் ஒரு கணக்குக்காகத்தான் வைக்கிறேன், உங்கட எண்களைப் போட்டு நீங்களே செய்து பாருங்கோ.

மாதம் 26 நாள், நாளுக்கு 40 கிலோமீற்றர்: 1,040 கிலோமீற்றர். டீசல் வண்டி லீற்றருக்கு 16, பெற்றோல் வண்டி 13 எண்டு வைப்பம். டீசலுக்குச் சாதகமாகத்தான் வைத்திருக்கிறேன். ஒரு லீற்றர் டீசலில் பெற்றோலைவிடச் சக்தி கூட, டீசல் எஞ்சின் அதை வீணாக்குவதும் குறைவு. அது உண்மை. அப்போ டீசல் 65 லீற்றர், பெற்றோல் 80 லீற்றர். இரண்டும் 300 ரூபா எண்டால் டீசல்காரன் மாதம் 4,500 ரூபா மிச்சம் பிடிக்கிறான். டீசல் வண்டியின் விலை ஐந்து இலட்சம் மட்டும் கூட எண்டு வைத்தாலும், அந்த ஐந்து இலட்சத்தை இந்த மிச்சத்தால் அடைக்க 111 மாதம் வேணும். ஒன்பது வருசத்துக்கு மேல! அதுவும் வட்டி சேர்க்காமல், ஒரு இன்ஜெக்டர்கூடப் பழுதாகாமல்.

இன்ஜெக்டர் எண்டவுடன் ஞாபகம் வருது. "டீசல் எஞ்சின் இரும்பு மாதிரி, சாகாது" எண்டும் சொல்லுவினம். எந்த டீசல் எஞ்சின்? அப்பா காலத்து எல்ஃப் லொறியின் எஞ்சின் சாகாதுதான். பிளக் இல்லை, கொம்பியூட்டர் இல்லை. காற்றை இறுக்கி வரும் சூட்டிலேயே எரிபொருள் பத்தும். அந்த அமுக்கத்தைத் தாங்கத்தான் எஞ்சினைத் தடிப்பாகச் செய்தார்கள். ஊர்க் கராச்சிலேயே கழட்டிப் பூட்டலாம். இண்டைய டீசல் அதுவல்ல. கொமன் ரெயில், டேர்போ, சென்சர்கள். எரிபொருளில் கொஞ்சம் தண்ணியோ தூசோ போனாலும் இன்ஜெக்டர் கோபிக்கும். 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் 87 ரூபாவுக்கும் டீசல் 400க்கு மேலேயும் வித்த நாட்டில், கானில் வாங்கின டீசலுக்குள் என்ன கலந்திருந்தது எண்டதை அந்தக் காலம் பொம்ப் மாத்தினவர்களைக் கேளுங்கோ.

அதைவிட, புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது தன்னைத்தானே சுத்தம் செய்ய, வண்டி நல்ல சூடாகி நீளமாக ஓடவேணும். கல்வியங்காட்டில் ஸ்டார்ட் பண்ணி நல்லூரில் நிப்பாட்டி, திரும்ப ஸ்டார்ட் பண்ணித் திருநெல்வேலியில் நிப்பாட்டினால் அது அடைபடும். குறுந்தூரம் ஓடுகிறவனுக்கு நவீன டீசல் ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு திரியிற மாதிரி.

அடுத்தது, "பெற்றோல் இழுக்காது." டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தரும். ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு நிறுத்தி எடுக்கும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும். ஏற்கிறேன். ஆனா தம்பி, குடாநாட்டில் ஏற்றம் எங்க இருக்கு? கீரிமலையில மலை ஏறினவர் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ. நுவரெலியாவில் கரட் ஏத்துறவனின் நியாயத்தைச் சுன்னாகத்தில் கத்தரிக்காய் ஏத்துறவன் கடன்வாங்கக் கூடாது.

இன்னொன்று: பாரத்தை எஞ்சின் இழுக்கும், ஆனால் சுமப்பது ஸ்பிரிங் பிளேட்டும் அச்சும் டயரும். ஜப்பானில் இருந்து வருகிற 660 சிசி பெற்றோல் குட்டி லொறிகள், ஹைஜெட், கரி போன்றவை, 350 கிலோ பாரத்துக்கு எண்டு செய்யப்பட்டவை. அதற்குமேல் ஏற்றினால் பிழை எஞ்சினில் இல்லை, ஏத்துறவனில். உங்கட பாரம் முந்நூறு கிலோ எண்டால் அது தாராளம். எழுநூறு கிலோ எண்டால் நீங்கள் பட்டா ரக வாகனத்தைப் பார்க்கவேணும், அது டீசல். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பாரம் முடிவெடுக்கட்டும், மாமா முடிவெடுக்க வேண்டாம்.

ஆக, டீசல் ஆருக்கு? வாரத்தில் இரண்டு தரம் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய் வருகிறவருக்கு. போக 250, வர 250, மாதம் நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல. மேலே செய்த அதே கணக்கில் அவருக்கு அந்த ஐந்து இலட்சம் இரண்டரை வருசத்துக்குள் திரும்பி வந்துவிடும். வடிகட்டியும் ஏ9 இல் தானாகச் சுத்தமாகும். அவர் பெற்றோல் வாங்கினால்தான் மடைத்தனம். வன்னியில் வயலுக்குள்ளும் காட்டுப்பாதையிலும் ஒரு தொன் ஏற்றுகிறவருக்கும் டீசல்தான். டீசல் கெட்டது எண்டு நான் சொல்லவில்லை. அது ஒரு வேலைக்கான கருவி. கிணறு வெட்டுற அலவாங்கை வைத்துக்கொண்டு பூக்கண்டு நடாதேங்கோ எண்டுதான் சொல்லுறன்.

"விக்கப்போனால் டீசலுக்குத்தான் மவுசு" எண்டு கடைசி அம்பு ஒன்று வரும். அது உண்மையும்கூட. ஆனால் அந்த மவுசை உண்டாக்கியதும் இதே தேத்தண்ணிக் கடை வசனம்தான். அதோட, தவணை பிந்தி எடுத்துக்கொண்டு போன வண்டிக்கு நீங்கள் விலை பேச மாட்டீங்கள், வேற ஆக்கள் பேசுவினம்.

கணக்கில் வராத ஒன்றையும் சொல்லவேணும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் எண்டு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012 இலேயே வகைப்படுத்திவிட்டது. எங்கட பெடியளுக்கோ கறுப்புப் புகை தள்ளுறது ஒரு சாகசம். சந்தையில் சாமான் ஏத்தி முடியும்வரை எஞ்சினை நிப்பாட்டாமல் விடுறது ஒரு பழக்கம். அந்தப் புகைக் குழாயின் உயரத்தில் ஆரின்ர முகம் இருக்குது எண்டு ஒருநாள் நிண்டு பாருங்கோ. நிலத்தில் சாக்கு விரித்துக் கீரை விக்கிற அம்மாவின் முகம். சைக்கிளில் ரியூசனுக்குப் போற பிள்ளையின் முகம். பெற்றோல் புகையும் சாம்பிராணி இல்லைத்தான். ஆனால் பழைய டீசல் கக்கும் கரி அதில் அந்தளவுக்கு இல்லை.

2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்தபிறகு, விற்பனை நிலையங்களில் திரும்பவும் பெடியளின் கூட்டம். வெளிநாட்டுக் காசு ஒரு பக்கம், லீசிங் ஒரு பக்கம். கையெழுத்துப் போட முதல் ஒரே ஒரு வேலை செய்யுங்கோ. ஒரு கொப்பியில் ஒரு மாதத்துக்கு எழுதுங்கோ: இண்டைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடினன், எத்தனை கிலோ ஏத்தினன், எத்தனை தரம் நிப்பாட்டி எடுத்தன். முப்பதாவது நாள் அந்தக் கொப்பியைத் திறந்தால் டீசலா பெற்றோலா எண்டு அது சொல்லும்.

அது டீசல் எண்டு சொன்னால் டீசலை வாங்குங்கோ. தவணை கட்டப்போறது நீங்கள்தான். தேத்தண்ணிக் கடை அண்ணை உங்கட தேத்தண்ணிக் காசைக்கூடக் கட்டமாட்டார்.