செம்புப் பூச்சு யாருக்குக் காவல்?

மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் ஒரே இரவில் பன்றிக் கூட்டம் காட்டை உழப்பிவிட்டுப் போனால், சூலக்கரைச் சம்சாரிக்கு வயிறு எரியத்தான் செய்யும். சுட்டால்தான் தீரும் என்ற பேச்சு எழுவதில் வியப்பில்லை. தமிழக அரசும் 2025 ஜனவரியில் அதற்கு வழி செய்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடும் பொறுப்பு அவர்களுடையது, நம்முடையது அல்ல.

இதற்கிடையே, பாயிண்ட் 22 ரைபிளுக்குச் செம்பு பூசிய தோட்டா இருக்கிறதே, அதில் சுட்டால் கறியில் ஈய நஞ்சு ஏறாதே என்று நினைப்பவர்களும் உண்டு. இது தப்புக் கணக்கு.

அந்தக் குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம். மேலே மினுங்குவது காகிதத்தை விட மெல்லிய செம்பு; உள்ளே இருப்பது அத்தனையும் ஈயம். பூசாத ஈயக் குண்டு துப்பாக்கிக் குழலில் இழுவிப் படியும், விரலையும் கறுப்பாக்கும். அதனால் அதற்கு மெழுகோ கொழுப்போ தடவுவார்கள். செம்பு பூசினால் இந்தத் தொல்லை குறையும், அவ்வளவே. எலும்பில் பட்டதும் பூச்சு கிழிந்து, ஈயம் துகள்துகளாகச் சதைக்குள் சிதறும். போதாக்குறைக்கு, தோட்டாவின் விளிம்பில் அடைத்திருக்கும் பற்றவைப்பு மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு.

நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுவது சாப்பிடுகிறவனுக்காக. குண்டுக்குச் செம்பு பூசுவது குழலுக்காக.

ஈயத்தில் இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களை விடக் குழந்தைகளின் உடம்பு அதை அதிகமாக உறிஞ்சும். மூளை வளர்ச்சி கெடும். பட்டாசில் ஈயம் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தடுத்தது சிவகாசிக்காரர்களுக்குத் தெரியும். கலிபோர்னியாவில் ஈயத் துகள் கலந்த இறைச்சியைத் தின்று பெருங்கழுகுகள் மடிந்தன. 2019 ஜூலை முதல் அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செம்பு பூசிய ஈயமும் அந்தத் தடைக்குள் அடக்கம். முழுச் செம்பிலேயே செய்த குண்டுகள் அங்கே புழங்குகின்றன.

பாயிண்ட் 22 குண்டு பன்றிக்குச் சிறிது என்பது வேறு விஷயம். காயம்பட்டுத் திரும்பும் பன்றியிடம் யார் நிற்பது?

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இழப்பீட்டோடு இதையும் கேட்போம்: எந்தக் குண்டில் சுட்டாலும் சரி, செத்த பன்றியை நாயும் காகமும் தோண்டாத ஆழத்தில் அன்றைக்கே புதைக்க வேண்டும்.