அறுக்க ஒரு மணி நேரம், விற்க எத்தனை நாள்?

காவிரி டெல்டாவில் ஒரு ஏக்கர் நெல்லை அறுத்து, அடித்து, மணியாகப் பிரித்துக் கொட்ட அறுவடை இயந்திரத்துக்கு இன்று சுமார் ஒரு மணி நேரம் போதும். ஒரு தலைமுறைக்கு முன்பு இதே வேலைக்கு அரிவாள் பிடித்தவர்கள், கட்டு சுமந்தவர்கள், களத்தில் அடித்தவர்கள், தூற்றியவர்கள் என்று ஒரு தெருவே திரண்டு வந்தது. இப்போது கைப்பேசியில் ஓர் அழைப்பு போதும், மறுநாள் செயின் வண்டி வயலில் இறங்கிவிடுகிறது. ஆனால், அப்படி அறுத்த நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடப்பட்டு, பணமாக வங்கிக் கணக்கில் ஏறுவதற்கு எத்தனை நாளாகும் என்று கேட்டால், தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் உறுதியாகப் பதில் சொல்லும் விவசாயி கிடையாது. மழை வந்தால் அந்த விடை இன்னும் நீளும்.

தொழில்நுட்பம் வாழ்க்கையை மாற்றிவிட்டது என்று பேசும்போது பெரும்பாலும் சென்னையும் பெங்களூரும்தான் நம் கண்முன் வருகின்றன. உண்மையில், அது எதை மாற்றியது, எதைத் தொடாமல் விட்டது என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் டெல்டாவின் நெல் வயலுக்குத்தான் வர வேண்டும்.

புதுமையைக் கண்டு ஒதுங்கிய மண் அல்ல இது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1922-ல். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது 1934-ல். 1960-களின் தொடக்கத்தில் மத்திய அரசு தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாடு முழுவதும் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒருசேரக் கொடுத்துப் பார்த்த திட்டம் அது. அடுத்து ஏ.டி.டி. 27 வந்தது, குறுவைக்கு ஏற்ற குறுகிய கால ரகம் என்பதால் வெகு வேகமாகப் பரவியது. பின்னாலேயே ஐ.ஆர். 8. அந்த ரகத்தின் பெயரையே தன் மகனுக்குச் சூட்டிய விவசாயியும் தமிழ்நாட்டில் உண்டு. நல்ல விதையைப் பார்த்தால் வாரி எடுத்துக்கொள்ளத் தயங்காதவர்கள் டெல்டாக்காரர்கள்.

இயந்திரத்தின் கதை அவ்வளவு எளிதானது அல்ல. இந்த மண்ணில் அறுவடை என்பது கூலிக்கான போராட்டத்தின் காலமும்கூட. கதிர் முற்றி நிற்கும் அந்தச் சில வாரங்களில்தான் நிலமற்ற தொழிலாளியின் கை ஓங்கியிருந்தது. பேசிக் கூலி வாங்க முடிந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின்னாலும் கூலி உயர்வுக் கோரிக்கைதான் இருந்தது. அடுத்த ஆண்டே நியாயக் கூலிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அப்படிப் போராடிப் பெற்ற அறுவடைக் கூலியை, குறிப்பாக வீட்டுக்கு நெல்லாகவே வந்த கூலியை, இயந்திரம் சத்தமில்லாமல் இல்லாமலாக்கிவிட்டது.

அதற்காக இயந்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியாது. பிள்ளைகள் படித்தார்கள், திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். அப்பாவும் தாத்தாவும் கைகட்டி நின்ற வரப்பில் தானும் நிற்க வேண்டாம் என்று ஓர் இளைஞன் முடிவெடுத்தால், அது அவனுடைய விடுதலை. அப்படி ஆட்கள் குறைந்த இடத்துக்குத்தான் வண்டி வந்தது. ஆனால், ஊரைவிட்டுப் போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். நடவிலும் அறுவடையிலும் ஆண்டு முழுவதற்கான அரிசியைச் சேர்த்துவைத்த, ஐம்பது வயதைக் கடந்த பெண்கள். நேரடி விதைப்பும் நடவு இயந்திரமும் பரவப் பரவ அவர்களுக்கு மிஞ்சிய களையெடுப்பு வேலையும் களைக்கொல்லியால் சுருங்கிவிட்டது. இந்த மாற்றத்துக்கான விலையை அதிகமாகக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். எந்த மானியத் திட்டத்தின் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை.

கைப்பேசி செய்த மாற்றம் வேறு வகை. மேட்டூரின் நீர்மட்டம் காலையில் தேநீர் குடிப்பதற்குள் கடைமடைக்காரரின் கையில் இருக்கிறது. ‘டெல்டா வெதர்மேன்’ ஹேமச்சந்தர், ந. செல்வகுமார் போன்ற தனியார் வானிலை ஆய்வாளர்கள் எந்தப் பகுதியில் எப்போது மழை என்று பேச்சுத் தமிழில் சொல்வதைக் கேட்டுவிட்டு, உரம் போடுவதைத் தள்ளிவைப்பவர்களும் அறுவடையை முன்கூட்டியே முடிப்பவர்களும் ஏராளம். 1904-ல் கும்பகோணத்தில் பிறந்து, இன்றும் அங்கேயே தலைமையகம் வைத்திருக்கும் சிட்டி யூனியன் வங்கிக்கு ஒரு காலத்தில் மாட்டு வண்டி கட்டிப் போன குடும்பங்களின் பேரன்கள் உரக்கடையில் ‘ஸ்கேன்’ செய்து பணம் கட்டுகிறார்கள். வண்டியை வாடகைக்கு எடுக்க வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை செயலி இருக்கிறது. அந்தத் துறையின் வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், அறுவடை உச்சத்தில் தனியார் வண்டிக்காரர் கேட்கிற வாடகைதான் நிலவரம். மழையில் சேறான வயலில் டயர் வண்டி இறங்காது. செயின் வண்டிதான் வேண்டும். அதற்கு மணிக்கணக்கு வாடகை இன்னும் அதிகம். வண்டி நசுக்கிப் போடும் வைக்கோலைச் சுருட்டிக் கட்ட வேறொரு இயந்திரம் வந்து, அந்தக் கட்டுகள் கேரளத்துக்கு லாரி ஏறுவதுகூட ஒரு புதிய வியாபாரம்தான்.

இவ்வளவும் வந்துவிட்டது. வராமல் போனது எது? வயலுக்கும் கிடங்குக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் எதுவும் வரவில்லை.

பழைய அறுவடையின் தாமதத்துக்குள் ஒரு வேலை தானாக நடந்துகொண்டிருந்தது. அறுத்த தாள் வயலில் ஒரு பொழுது கிடக்கும். கட்டாகக் களத்துக்கு வரும். அடித்த நெல் வெயிலில் காயும். இத்தனை நாளில் ஈரம் மெல்ல இறங்கிவிடும். இயந்திரம் அந்த நாட்களை அப்படியே விழுங்கிவிட்டது. செடியில் இருந்த ஈரத்தோடு நெல் நேராக டிராக்டர் பெட்டியில் விழுகிறது. அரசு கொள்முதலுக்கு அனுமதிக்கும் ஈரப்பதமோ 17 சதவீதம். ஒரு டன் நெல்லை 22 சதவீதத்திலிருந்து 17-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 60 கிலோ தண்ணீரை அதிலிருந்து வெளியேற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்ட அக்டோபரில், வெயிலே இல்லாத நாளில், அந்த 60 கிலோ தண்ணீரை விவசாயி எப்படி வெளியேற்றுவார்? நெடுஞ்சாலையின் ஓரத்தில் நெல்லைப் பரப்பி, காலால் கிளறிவிட்டு, மேகம் கறுத்தால் தார்ப்பாயை இழுத்து மூடுகிறார். நகரத்திலிருந்து காரில் போகிறவர்கள் எரிச்சலோடு ஒதுங்கிப் போகும் காட்சிக்குக் காரணம் இதுதான்.

வேகத்தின் கணக்கு இன்னொன்று. ஏக்கருக்கு இரண்டு டன் கண்டுமுதல் என்று வைத்துக்கொண்டால்கூட, 40 கிலோ சிப்பமாக 50 சிப்பம். நாளைக்கு எட்டு ஏக்கர் அறுக்கும் ஒரு வண்டி 400 சிப்பம் நெல்லைக் கொட்டுகிறது. சுற்றுவட்டாரத்தில் ஐந்து வண்டிகள் ஓடினால் 2,000 சிப்பம். கொள்முதல் நிலையத்தில் அதைத் தூற்றி, எடை போட்டு, சாக்குத் தைப்பது இன்னும் மனிதக் கைகள்தான். எடை போட்ட மூட்டைகளை ஏற்றிப் போக லாரி வராவிட்டால் அடுத்த நாள் எடை போட இடம் இருக்காது. சாக்கு தீர்ந்தாலும் வேலை நிற்கும். இப்படியாக, வயலில் மிச்சம் பிடித்த நாட்களையெல்லாம் விவசாயி நிலையத்து வாசலில் காவல் இருந்து செலவழிக்கிறார். முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிக் காட்டும் படங்கள் 2025 அக்டோபரிலும் நாளிதழ்களில் வந்தன.

அரசு செய்வது என்ன? ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறது. மத்தியக் குழு வருகிறது, மாதிரி எடுக்கிறது, ஆய்வகத்துக்கு அனுப்புகிறது, பிறகு உத்தரவு வரும். 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை ஏற்கப்பட்டது. 2023 பிப்ரவரியில், சம்பாவைப் பருவம் தவறிய மழை அடித்துப் போட்டபோது, 20 சதவீதம். 2025-ல் 22 சதவீதம் கேட்கப்பட்டது. 2022 முதல் கொள்முதல் பருவத்தை அக்டோபர் 1-க்குப் பதிலாக செப்டம்பர் 1-லேயே தொடங்கியது நல்ல முடிவு. குறுவைக்கு அது உண்மையாகவே உதவியது. ஆனால், ஆண்டுதோறும் வரும் மழைக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதுவதை ஒரு தீர்வு என்று ஏற்க முடியாது.

இத்தனைக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. மழையில் நனைந்து வரும் குறுவை நெல்லை என்ன செய்வது என்று ஆராய்வதற்காகவே 1967-ல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. பிறகு அது தஞ்சாவூருக்கு இடம் மாறியது. பல பெயர்களைக் கடந்து, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக, உணவுத் துறையில் நாடு மதிக்கும் கல்விக்கூடமாக நிற்கிறது. கேள்வி பிறந்த ஊரிலேயே அறிவும் இருக்கிறது. அந்த அறிவுக்கும், அருகிலுள்ள கொள்முதல் நிலையத்தின் மண் தரைக்கும் நடுவிலான தூரம்தான் இத்தனை ஆண்டுகளாகியும் குறையவில்லை.

வியட்நாமின் மீகாங் டெல்டாவும் மழைக் காலத்தில் அறுக்கும் பூமி. அங்கே 1980-களிலிருந்து உமியை எரித்துச் சூடாக்கும் தட்டுப்படுகை உலர்த்திகள் கிராமம் கிராமமாகப் பரவின. ஹோ சி மின் நகரிலுள்ள நோங் லாம் பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள் உள்ளூர்ப் பட்டறைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் செய்யவைத்த எளிய சாதனம் அது: செங்கல் அறை, ஒரு விசிறி, ஓர் அடுப்பு. நம் காவிரி டெல்டாவின் அரிசி ஆலைகளிலும் உமிக்குப் பஞ்சமில்லை. பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை. அறுவடை இயந்திரத்துக்கு மானியம் கொடுக்கத் தெரிந்த அரசுகள் உலர்த்திக்கு அந்த அளவு அக்கறை காட்டாததற்கு ஒரு காரணம்தான் தோன்றுகிறது. மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டு லாபம் பார்க்க முடிந்த இயந்திரம், தானே வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறது. எல்லாருக்கும் பொதுவாக, ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் தேவைப்படுவதை அரசுதான் கொண்டுவர வேண்டும்.

அரசு ஆர்வத்தோடு கொண்டுவந்த தொழில்நுட்பமும் உண்டு: பதிவு. கொள்முதலுக்கு இணையவழிப் பதிவு, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு. பணம் நேராகக் கணக்கில் விழுவது விவசாயிக்குப் பெரிய நன்மை, அதில் சந்தேகமில்லை. 2016-17 வறட்சியின்போது, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் செயற்கைக்கோள் ரேடார் தரவுகளைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பகுப்பாய்வு செய்து தந்ததும் பயிர்க் காப்பீட்டுக்கு உதவியது. ஆனால், டெல்டாவில் நிலம் ஒருவர் பெயரில் இருக்கும், உழுகிறவர் வேறொருவராக இருப்பார். கோயில்களும் ஆதீனங்களும் கட்டளைகளும் இங்கே பெரிய நிலவுடைமையாளர்கள். குத்தகை உரிமைகளைப் பதிவுசெய்ய 1969-லேயே சட்டம் போட்டும், வாய்மொழிக் குத்தகையிலும் உள்குத்தகையிலும் பயிர் செய்பவர்கள் ஏட்டில் இல்லை. 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய். நிலம் தன் பெயரில் உள்ளவருக்கே அது. 2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கும் பதிவும் நில ஆவணத்தை வைத்தே நடந்தது. கடன் வாங்கி, உரம் போட்டு, மழையில் நெல்லைக் காத்தவர் கணினித் திரையில் எங்கும் தென்படுவதில்லை. முன்பு கிராம நிர்வாக அலுவலருக்கு அவரைத் தெரியும் என்பதே ஒரு பாதுகாப்பாக இருந்தது. கணினிக்கு ஆளைத் தெரியாது, எண் மட்டுமே தெரியும்.

நூறு நாள் வேலையிலும் இதே நிலைதான். 2023 ஜனவரி 1 முதல் செயலியில் நாளைக்கு இரு முறை படம் பிடித்தால்தான் வருகைப் பதிவு என்றானது. சிக்னல் கிடைக்காத வாய்க்கால் கரையில் காத்து நின்ற பெண்களில் பலர், இயந்திரம் வந்ததால் அறுவடை வேலையை இழந்தவர்கள்.

பயிர் செய்பவரை ஏட்டில் ஏற்ற வழி இருக்கிறது. 2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்காக வேளாண் கல்லூரி மாணவர்கள்கூட வயலில் இறக்கப்பட்டார்கள். ஒவ்வொரு சர்வே எண்ணிலும் என்ன பயிர் நிற்கிறது என்று வரப்பில் நின்று படம் எடுக்க முடிகிற கருவியில், அதைப் பயிர் செய்பவர் யார் என்ற ஒரு வரியைச் சேர்க்க முடியாதா? உரிமை ஆவணமாக வேண்டாம். கொள்முதலுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் செல்லும் சாகுபடிச் சான்றாக இருந்தால் போதும். நில உடைமையாளருக்கு அதனால் இழப்பில்லை என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிடலாம்.

2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய் என்று விலை அறிவிக்கப்பட்டது. ஏட்டில் பெயர் இருந்தாலும், ஈரம் என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அந்த விலை கிடைக்காது. வியாபாரி கேட்ட விலைக்குத்தான் அவர் தள்ளிவிட வேண்டும். கொள்முதல் நிலையங்களுக்கு நிரந்தரக் கூரையும் சிமென்ட் களமும், சில ஊர்களுக்கு ஒன்றாக உமி உலர்த்தியும் அமைக்கும் வேலையை அடுத்த குறுவை அறுவடைக்கு முன்பே நுகர்பொருள் வாணிபக் கழகமும் வேளாண் பொறியியல் துறையும் சேர்ந்து தொடங்க வேண்டும். முதல் உலர்த்தியை தஞ்சாவூர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பக்கத்திலுள்ள கொள்முதல் நிலையத்திலேயே நிறுவலாம்.