எர்த் பின்னை உடைக்காதீங்க சாமி!

மைசூர்ல நம்ம ஆளுங்க வீடு எதுக்குப் போனாலும் ரெண்டு விஷயம் நிச்சயம். ஒண்ணு ஃபில்டர் காபி (குடகுக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு கும்பகோணம் டிகிரி காபி புராணம் பாடுவாங்க, அது தனிக்கதை). இன்னொண்ணு ஹால் மூலையில ஒரு ஆம்ப்ளிஃபையர். அதுல பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அடியில ஒரு 'ஊம்ம்ம்'.

இந்த 'ஊம்ம்ம்'முக்கு எலக்ட்ரீஷியன், ஆடியோ கடைக்காரர், எல்லாம் தெரிஞ்ச மச்சான்னு எல்லாரும் சொல்ற வைத்தியம் ஒண்ணேதான். "எர்த்தைக் கழட்டிடுங்க சார்." மூணு பின் ப்ளக்ல தடியா இருக்கிற பின்னை உடைச்சுடுவாங்க, இல்லேன்னா ரெண்டு பின் அடாப்டர்ல சொருகிடுவாங்க. சத்தம் நின்னுடும். "ஏனூ ஆகல்லா சார்"னு நூறு ரூபா வாங்கிட்டுக் கிளம்பிடுவார்.

பேங்க் பாஷையில சொல்றேன். ட்ரயல் பேலன்ஸ் டாலி ஆகலைன்னா வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளிட்டு வீட்டுக்குப் போறதுதான் இது. தாள்ல கணக்கு சரியாயிடும், பணம் எங்கே போச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா இங்கே காணாமப் போறது பணம் இல்லை, உயிர்.

எர்த் வயரோட வேலை ரொம்ப சிம்பிள். உள்ள ஏதாவது வயர் அறுந்து மெட்டல் பாடியில பட்டா, கரண்ட் பூமிக்கு ஓடி, ஃப்யூஸோ எம்சிபியோ விழணும். எர்த் இல்லேன்னா ஒண்ணும் விழாது. அந்தப் பாடி 230 வோல்ட்டோட, யாராவது தொடுற வரைக்கும் அமைதியா காத்துக்கிட்டு இருக்கும். தசரா ஊர் இது. ஆயுத பூஜைக்கு வீட்டுல இருக்கிற எல்லா மெஷினையும் ஈரத்துணியால துடைச்சு சந்தனம் குங்குமம் வைக்கிறது யாரு? நம்ம வீட்டு அம்மாவும் பசங்களும்தானே. ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர்லயே விழணும்னு வெச்சிருக்காங்க. அதாவது ஒரு ஏழு வாட் நைட் லேம்ப் இழுக்கிற கரண்ட். மனுஷ இதயத்துக்கு அதுக்கு மேல தாங்காதுன்னுதான் அந்தக் கணக்கு.

சரி, எர்த்தைக் கழட்டினா சத்தம் ஏன் நிக்குது? ஆம்ப்ளிஃபையருக்கு வீட்டு எர்த் இருக்கு. செட்டாப் பாக்ஸுக்கு வர்ற கேபிளோட மேல்வலை மொட்டைமாடியிலயோ தெருக்கம்பத்துலயோ வேற எங்கயோ பூமியைத் தொடுது. ரெண்டு பூமியும் ஒரே வோல்டேஜ்ல இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசம் ஆடியோ வயர் வழியா சுத்தி ஓடும், ஆம்ப்ளிஃபையர் கடமை தவறாம அதையும் பெருசாக்கிக் குடுக்கும். பின்னை உடைச்சா வட்டம் அறுந்துடும், வாஸ்தவம்தான். ஆனா அதுக்கப்புறம் உங்க ஆம்ப்ளிஃபையருக்கு எர்த் எது தெரியுமா? அந்த மெல்லிசு கேபிள் டிவி வயர்தான்! குற்றவாளியை விட்டுட்டு வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்கின கதை.

வட்டத்தை அறுக்கணும்னா டிவி கேபிள் பக்கம் அறுங்க. அதுக்குன்னே சின்ன ஐசொலேட்டர் கிடைக்குது. டிவியிலேருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஆப்டிகல் வயர் போட்டா இன்னும் உத்தமம், வெளிச்சத்துல எர்த் ஓடாது. எல்லாத்தையும் ஒரே போர்டுல சொருகினாலே சில வீட்டுல பாதி அடங்கிடும்.

மொதல்ல காதைக் குடுத்துக் கேளுங்கப்பா. ஆகாசவாணிங்கிற பேர் வெச்ச ஊர் இது. 1935-ல பேராசிரியர் எம்.வி.கோபாலசுவாமி தன் வீட்டுலயே ரேடியோ நிலையம் நடத்தின ஊர். நம்ம கரண்ட் 50 சைக்கிள், சுருதிப்பெட்டியில ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேல. (அமெரிக்காவுல 60, ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவுல. அங்கே போனவங்க வீட்டுல சுருதியே வேற :-)) கீழ் ஸ்தாயியில அந்த ஐந்து கட்டை கேட்டா பெரும்பாலும் எர்த் வட்டம், இல்லேன்னா கரண்ட் வயரோட ஒட்டி ஓடற ஆடியோ வயர். ஒரு ஸ்தாயி மேல, 100 சைக்கிள்ல கேட்டா செட்டுக்குள்ள கெபாசிட்டர் கிழடாகியிருக்கலாம். 'சர்ர்ர்'னு ஃபேன் ரெகுலேட்டரோட சேர்ந்து ஏறி இறங்கினா ரெகுலேட்டர். கரண்ட் போனா மட்டும் வந்தா இன்வெர்ட்டர். எல்லா வயரையும் கழட்டி, ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டே வாங்க, நாங்க வவுச்சருக்கு டிக் அடிக்கிற மாதிரி. எப்போ சத்தம் வருதோ அதுதான் ஆள். பதினஞ்சாயிரம் ரூபா பவர் கேபிள் விக்கிறவரை மட்டும் நம்பாதீங்க. சுவத்துக்குள்ள ஓடறது அதே சாதா வயர்தான்.

சில சிடி பிளேயர் ரெண்டு பின்னோடவே வருதேன்னு கேப்பீங்க. அதுல சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருக்கும். ரெட்டை இன்சுலேஷன், எர்த் வேணாம்னே செஞ்சது. மூணு பின்னோட வந்ததை நாம ரெண்டாக்குறதுதான் குத்தம்.

இப்போ நிஜமான கோபத்துக்கு வர்றேன். நம்மள்ல பாதிப் பேர் வாடகை வீடு. சரஸ்வதிபுரம், ஜயலக்ஷ்மிபுரம் பக்கம் பழைய வீடுங்க சிலதுல போர்டுல மூணு ஓட்டை இருக்கும், மூணாவதுக்குப் பின்னாடி வயரே இருக்காது. ஆம்ப்ளிஃபையரைத் தொட்டா சுர்ருங்கும். இன்னும் சில புண்ணியவான்கள் எர்த்தை நியூட்ரலோட முடிச்சுப் போட்டிருப்பாங்க. நியூட்ரல் எங்கயாவது அறுந்தா ஃப்ரிட்ஜ், கீசர், வாஷிங் மெஷின் எல்லாமே உயிரோட நிக்கும். ஓனரைக் கேட்டா "இருபது வருஷமா இப்படித்தான் இருக்கு"ம்பார். நாமளும் வெளியூர்க்காரங்க, எதுக்கு வம்புன்னு தலையாட்டிட்டு வந்துடறோம். மெயின்டெனன்ஸ்ல இருநூறு ரூபாய்க்கு ஒரு மணி நேரம் பேரம் பேசத் தெரியுது, லட்சக்கணக்குல அட்வான்ஸ் குடுக்கறப்போ "எர்த் எங்கே இருக்கு, காட்டுங்க"ன்னு கேக்க வாய் வராதா?

அட்வான்ஸுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோட கூட்டிட்டுப் போங்க. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 கிட்ட. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. நடு நம்பர் ரொம்பக் குறைஞ்சா எர்த் இல்லைன்னு அர்த்தம். கடைசி நம்பர் எப்பவும் சுத்தமா பூஜ்யமா நின்னா, போர்டைக் கழட்டி முடிச்சு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. எர்த் குழி இருக்கிற வீடா இருந்தா, ஏப்ரல்ல மண்ணு காயறப்போ வாரம் ஒரு பக்கெட் தண்ணி.

குவெம்பு நகர் பக்கம் யாருக்காவது மல்டிமீட்டர் வேணும்னா சொல்லுங்க, என்கிட்ட ஒண்ணு இருக்கு. உடைச்ச ப்ளக் வீட்டுல இருந்தா அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், இன்னிக்கே புதுசு மாத்திடுங்க.