அரிட்டாபட்டிக்கு அறிவிப்பும் வந்துச்சு, ரத்தும் வந்துச்சு... காசு எங்கே?

தோழர்களே,

2025 ஜனவரி 7. நரசிங்கம்பட்டியில் இருந்து தல்லாகுளம் வரைக்கும் மேலூர் பக்கத்து ஜனம் திரண்டு நடந்தது. ஜனவரி 23-ல் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலம் ரத்துன்னு ஒன்றிய அரசு அறிவிச்சது. உடனே ஆளாளுக்கு பேனர், ஆளாளுக்கு "எங்களால்தான்". சரி, கொண்டாடுங்க. ஆனா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுக் கொண்டாடுங்க.

அந்த மலையையும் கண்மாயையும் பாதுகாக்க இதுவரைக்கும் எத்தனை ரூபாய் ஒதுக்குனீங்க?

2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆச்சு. பரப்பு 193.42 ஹெக்டேர். ஏழு மலை, 72 ஏரி, 200 சுனை, 250 வகைப் பறவை, தேவாங்கு, எறும்புத்தின்னி, சமணர் படுகை, தமிழி கல்வெட்டுன்னு அரசே பெருமையா பட்டியல் போட்டது.

ரெண்டே வருஷத்துல, 2024 நவம்பரில், 2015.51 ஹெக்டேர் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போச்சு. எதிர்ப்பு கிளம்புனதும் டிசம்பரில் ஒன்றிய அரசு என்ன சொன்னது? "பாரம்பரியத் தலம் இருக்கிற இடத்தை மட்டும் விட்டுட்டு எல்லையை மாத்தலாம்." கணக்குப் போட்டுப் பாருங்க. 2015-ல் 193 போனா மிச்சம் 1,800 ஹெக்டேருக்கு மேல. அறிவிப்பு காப்பாத்துனது பத்துல ஒரு பங்கைக்கூட இல்ல. மிச்சத்தைக் காப்பாத்துனது ரோட்டுல இறங்குன ஜனம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மடை உடைஞ்சா சரி பண்ண ஆள் கூலி வேணும். வரத்துக்கால்வாயை அடைச்சு நிக்கிற சீமைக் கருவேலத்தை வேரோட எடுக்கக் காசு வேணும். மலையைக் கண்காணிக்க உள்ளூர் இளைஞர்களுக்கு மாசச் சம்பளம் வேணும். போர்டு நட்டா மலை பிழைச்சுக்கும்னு நினைக்கிறவங்க, மேலூர் பக்கம் கிரானைட்டுக்கு அறுபட்ட குன்றுகளை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.

"நிதி இல்லை"ன்னு சொல்வாங்க. அதை நம்பாதீங்க. நிதி எங்கெங்க இருக்குன்னு சட்டமே சொல்லுது.

1️⃣ உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002: பிரிவு 43 உள்ளூர் பல்லுயிர் நிதியம் பத்திப் பேசுது. அந்த நிதியத்துக்கு மாநில அரசு மானியமோ கடனோ தரலாம்னு பிரிவு 42 சொல்லுது. இயற்கை வளத்தை எடுத்து வியாபாரம் பண்றவங்ககிட்ட உள்ளூர்க் குழுவே கட்டணம் வசூலிக்க பிரிவு 41 வழி விடுது. முக்கியமா பிரிவு 37(3): இந்த அறிவிப்பால் பொருளாதார ரீதியா பாதிக்கப்படுறவங்களுக்கு இழப்பீடோ மறுவாழ்வோ தர மாநில அரசு திட்டம் வகுக்கணும். வேணும்னா வகுக்கலாம்னு அதுல இல்ல.

2️⃣ மாவட்டக் கனிம நிதி: குவாரி, சுரங்கம் நடத்துறவங்க ராயல்டிக்கு மேல கட்டுற பணம். கனிம நிதிக்கான 2015 ஒன்றிய விதிமுறை, குறைஞ்சது 60 சதவீதம் முன்னுரிமைப் பணிகளுக்குப் போகணும்னு சொன்னது. அந்தப் பட்டியல்ல குடிநீர், சுகாதாரத்தோட சுற்றுச்சூழல் பாதுகாப்பும் இருக்கு. மலையை வெட்டுன காசுல மிச்ச மலையைக் காப்பாத்துறது பிச்சை இல்ல தோழர்களே, பாக்கி.

3️⃣ சிஎஸ்ஆர்: கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. வரம்புக்கு மேல இருக்கிற கம்பெனிகள் மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவழிக்கணும். சுற்றுச்சூழல், தாவரம், விலங்கு பாதுகாப்பு எல்லாம் ஏழாம் அட்டவணையில் உண்டு. ஆனா ஒரு நிபந்தனை: யார் காசை வாங்கலாம், யார் காசைத் தொடவே கூடாதுன்னு கிராம சபைதான் முடிவு பண்ணணும். மலையைக் கேட்டு வந்தவனே நாளைக்கு மரக்கன்றோட வந்து நிக்கக் கூடாது.

4️⃣ ஜைக்கா திட்டம்: ஜப்பான் கடனுதவியோட, சுமார் 920 கோடி ரூபாயில் தமிழ்நாடு நடத்துற பல்லுயிர்ப் பாதுகாப்பு மற்றும் பசுமையாக்கல் திட்டம். கடனை அடைக்கப்போறது நம்ம வரிப்பணம். அதுல மேலூருக்கு எவ்வளவுன்னு கேட்க நமக்கு உரிமை இருக்கு.

இவ்வளவு வழி இருந்தும் காசு ஊருக்கு வரணும்னா திட்ட அறிக்கை வேணும். வரைபடம், மதிப்பீடு, தீர்மானம், கணக்கு எல்லாம் வேணும். இதையெல்லாம் ஊராட்சிச் செயலர் தலையில கட்டிட்டு, "நீங்க விண்ணப்பிக்கலையே"ன்னு கைவிரிக்கிறது நிர்வாகம் இல்ல, ஏமாத்து.

நம்ம கோரிக்கைகள்:

✊ அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்துக்கு 2022-ல் இருந்து ஒதுக்குன, செலவழிச்ச தொகைக்கு வெள்ளை அறிக்கை.
✊ பிரிவு 37(3) திட்டத்தை அரசாணையா வெளியிடணும்.
✊ மதுரை கனிம நிதியில் கண்மாய், குன்றுப் பாதுகாப்புக்குத் தனி ஒதுக்கீடு.
✊ ஊராட்சிகளுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தர ஆட்சியர் அலுவலகத்துல தனிப் பிரிவு.

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில் காடும் 2025-ல் பாரம்பரியத் தலம் ஆயிருக்கு. இப்ப கேட்காம விட்டா அங்கேயும் போர்டு மட்டும்தான் நிக்கும்.

நீங்க செய்ய வேண்டியது: அடுத்த கிராம சபையில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோட வரவு செலவைக் கேளுங்க. பதில் வரலைன்னா பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ போடுங்க, 30 நாள்ல பதில் தரணும். வரைபடம், மதிப்பீடு போடத் தெரிஞ்ச இஞ்சினியரிங் பசங்க நம்ம ஐடி விங்குலேயே நிறைய பேர் இருக்கோம். மீம் போடுற நேரத்துல பாதியை ஒரு ஊராட்சிக்குக் கொடுங்க.

மலையைக் காப்பாத்த ஜனம் நடந்து முடிச்சிருச்சு. இப்ப கோப்பு நடக்கட்டும்.

#அரிட்டாபட்டி_நிதி_எங்கே
#வெள்ளை_அறிக்கை_வேண்டும்